நினைவும் குளிர்மையும்

விழா மலர்களிலே வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று கல்லூரி அன்னையின் பெருமை பேசுவது. மற்றொன்று அக்கால ஆசிரியர்களின் பிரம்படியை நன்றியோடு நினைவுகூர்வது. இவ்விரண்டையும் எம்மினும் திறம்பட எழுதவல்லார் இம்மலரிலே பலர் இருப்பர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது ஒரு சிறு கணினிப் பெட்டியைப் பற்றியது. தமிழாசிரியனுக்குக் கணினிப் பெட்டிக்குள் என்ன வேலை என்று சிரிப்பார் சிரிக்கலாம். சிரித்து முடிந்தபின் மேலே படிக்குமாறு வேண்டுகின்றோம். பழைய மாணவர் சங்கங்கள் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று இதனுள் உண்டு.

எமது உறைவிடம் மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய். இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டு இத்தீவு. பனையும் மணலும் காற்றுமே எம் செல்வங்கள். அக்காற்றின் வளங்கண்டே இலங்கை மின்சார சபை இத்தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலை நிலையத்தை அமைத்தது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று ஆற்றல் உடையது, மொத்தம் 103.5 மெகாவாற்று. இத்துணைக் காற்று வீசும் தீவிலே, காற்றின்றி மூச்சுத் திணறிய ஒரு பெட்டியின் கதையே யாம் சொல்ல வந்தது.

அப்பெட்டி கனடாவில் வாழும் எம் மருமகன் அனுப்பியது. தாம் புதியதொன்று வாங்கியபின், பழையதை இங்குள்ள பிள்ளைகளின் பயன்பாட்டுக்கென அவர் கப்பலில் ஏற்றிவிட்டார். ‘கேமிங் டெஸ்க்டொப்’ என்று இளைஞர் சொல்லும் இனத்தைச் சேர்ந்தது அது. அதாவது, விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட மேசைக் கணினி. அவ்வினத்துள்ளும் சிறிய வகை. பெரிய அகராதிகள் நான்கினை அடுக்கி வைத்தாற்போன்ற பருமன், அவ்வளவே.

விளையாட்டுக் கணினி என்றதும் ஊர்ப் பெரியவர் சிலர் முகஞ் சுளித்தனர். “மாஸ்டர், படிக்கிற பிள்ளைகளை நீங்களே கெடுக்கிறதோ?” என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். அவருக்கு யாம் சொன்ன விடையை ஈண்டும் சொல்லிவைப்பது நன்று. திரையிலே குதிரை ஓடவும் கடல் அலைக்கவும் வேண்டுமாயின், ஒரே கணத்திலே இலட்சக்கணக்கான சிறு கணக்குகளைச் செய்யவல்ல வரைகலைச் செயலி வேண்டும். அவ்வாற்றல் விளையாட்டோடு நிற்பதன்று. 2012ஆம் ஆண்டிலே டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஜெப்ரி ஹின்டன் ஆகிய மூவரும், படங்களை இனங்காணும் ஒரு பொறிமுறையைப் பயிற்றுவித்து உலகை வியப்பில் ஆழ்த்தினர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை விளையாட்டுக்கெனக் கடையில் விற்கப்பட்ட வரைகலை அட்டைகள் இரண்டே. அம்மூவருள் ஹின்டன் 2024ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். விளையாட்டும் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. 2023இல் சீனத்து ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. பெரியவர் முழுதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தம் பேரனை மறுநாள் அனுப்பிவைத்தார்.

மாலை வேளைகளில் அக்கணினியைச் சூழ ஐந்தாறு மாணவர் கூடுவர். அவருள் ஒரு மாணவி எடுத்துக்கொண்ட பணி எம் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது. ஊரிலே எண்பது கடந்த மீனவர் ஒருவர் இருந்தார். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் அவர் வழங்கும் சொற்கள் பல எம் அகராதிகளில் இல்லாதவை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் நான்கு காற்றுகளை நாம் அறிவோம். அவரோ ஒவ்வொன்றும் பருவந்தோறும் கொள்ளும் வேறுபாடுகளுக்குத் தனித்தனிப் பெயர் சொல்லுவார். அவர் பேச்சை அம்மாணவி பல நாள் படம்பிடித்து வைத்திருந்தாள். அவற்றைத் தொகுத்து, காற்றுகளின் போக்கைக் காட்டும் அசையும் சித்திரங்களையும் ‘பிளெண்டர்’ என்னும் இலவச மென்பொருளினால் வரைந்து, அரைமணி நேரப் படமாக ஆக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். முதியவரோ நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அவர் கண்ணாற் காண்பதற்கு முன் படம் முடியவேண்டும் என்பதே அவளது அவசரம்.

பங்குனி மாதத்து வெயிலிலே கணினி அடிக்கடி நிற்கலாயிற்று. வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் திரையிலே சுட்டி நகர மறுக்கும்; விசிறி ஓலமிடும்; பின்னர் முன்னறிவித்தல் யாதுமின்றிப் பெட்டி அணைந்துவிடும். செய்த வேலையிற் பாதி போய்விடும். இதைக் கேட்டோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்து சொன்னார்கள். வைரசு என்றார் ஒருவர். மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு என்றார் மற்றொருவர். நகரத்துக் கடைக்காரர் ஒருவரோ பெட்டியைத் திறந்தும் பாராமல், “இது பழசு, புதிசு வாங்குங்கோ” என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் மருத்துவருக்கும் ஆகாது, ஆசிரியருக்கும் ஆகாது. ஆதலின் ஒரு கொப்பி திறந்து, அக்கணினி நின்ற நாளையும் நேரத்தையும், அப்போது நடந்த வேலையையும் எழுதிவருமாறு மாணவருக்குச் சொன்னோம். ஒரு வாரத்தில் உண்மை தானே வெளிப்பட்டது. காலை ஏழு மணிக்கு எத்துணைப் பெரிய வேலை கொடுத்தாலும் கணினி மெதுவாகவேனும் செய்தது, அணையவில்லை. நண்பகலின் பின்னரோ அரைமணி நேரமும் தாங்கவில்லை. வைரசு வெயிலைப் பார்த்து வருவதில்லை. அடுத்து, நினைவகத்தின் நிரப்பையும் செயலியின் வெப்பத்தையும் காட்டும் இலவச மென்பொருளை நிறுவிப் பார்த்தோம். நினைவகம் விளிம்புவரை நிரம்பி வழிந்தது. செயலியின் வெப்பம் செல்சியஸ் 100 பாகையைத் தொட்டது. ஆக, நோய் ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதைத்தான் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

முதலில் நினைவகம் யாதென்று சொல்வோம். கடைத்தெருவிலே இதனை ‘றாம்’ என்பர். நூல்கள் நிறைந்த அலுமாரி கணினியின் வன்தட்டு. அந்நூல்களை எடுத்து விரித்துவைத்து வேலை செய்யும் மேசை றாம். மேசை சிறிதாயின், ஒரு நூலை விரிக்க மற்றொரு நூலை மூடி அலுமாரியிலே வைக்கவேண்டும். மறுகணம் அதையே திரும்ப எடுக்கவேண்டும். எழுந்து நடப்பதிலேயே பொழுது போய்விடும். எம் பெட்டியிலே இருந்தது 8 கிகாபைற்று மேசை. படத் தொகுப்புக்கும் அசையும் சித்திரத்துக்கும் அது போதாது. போதாதபோது கணினி வன்தட்டுக்கும் நினைவகத்துக்குமாக ஓயாது ஓடியது. ஒரு மணி நேரத்து வேலை மூன்று மணி நேரமாயிற்று. அம்மூன்று மணி நேரமும் பெட்டி சூடேறிக்கொண்டே இருந்தது.

இன்றைய றாமின் அடிப்படையை 1966ஆம் ஆண்டிலே வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் என்னும் பொறியியலாளர். ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு செய்தித் துளியைத் தாங்கும் என்பது அவர் கண்ட எளிய வழி. ஆனால் அக்கொள்ளளவி ஓட்டைக் குடம் போன்றது. அதில் இட்ட மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் முற்றும் கசியுமுன் படித்துப் பார்த்து, மறுபடியும் எழுதவேண்டும். டி.டி.ஆர்.4 வகை றாமிலே 64 மில்லி செக்கனுக்கு ஒருமுறை முழு நினைவகமும் இவ்வாறு புதுக்கப்படுகின்றது. அதாவது, நீவிர் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் கணினி தான் அறிந்தன யாவற்றையும் ஒருமுறையேனும் ஓதி மீட்டுவிடுகின்றது.

இதனை முதன்முதல் படித்தறிந்தபோது எமக்கு ஏட்டுச் சுவடிகளே நினைவுக்கு வந்தன. ஓலையும் அழியும் பொருளே. செல்லும் வெப்பமும் ஈரமும் அதனைத் தின்றுகொண்டே இருக்கும். அழியுமுன் ஒருவர் புதிய ஓலையிலே படியெடுத்தாற்றான் நூல் வாழும். அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தோர் இருந்தமையாலேதான், எம் நாட்டுச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்ற முடிந்தது. ஆசிரிய கலாசாலையிலே எமக்குப் புகட்டிய முதற்பாடமும் இதுவே: மாணவன் மனத்தில் ஏற்றியதை மீட்டு மீட்டு ஏற்றாவிடின் அது கசிந்துபோம். ஓலையாயினும் உள்ளமாயினும் சில்லாயினும் நினைவுக்கு இலக்கணம் ஒன்றே.

இனி, வெப்பம் இங்கே எவ்வாறு குறுக்கிடுகின்றது என்று பாருங்கள். சூடேற ஏறக் கொள்ளளவியின் கசிவு விரைவாகும். ஆகவே நினைவகத்தின் வெப்பம் 85 பாகையைக் கடந்தால், 64 மில்லி செக்கனுக்கு ஒருமுறை செய்யும் மீட்டலை 32 மில்லி செக்கனுக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்பது அவ்வகை றாம் ஆக்குவோர் ஏற்றுக்கொண்ட விதி. மீட்டலிலேயே பொழுது கழிந்தால் வேலைக்கு எஞ்சும் பொழுது குறையும். செயலியின் நிலையும் இத்தகையதே. அது 100 பாகையை அண்மித்ததும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிடின் தன்னைக் காக்கும்பொருட்டு முற்றாக அணைந்துவிடும். எம் பெட்டி அணைந்தது பழுதினால் அன்று, தற்காப்பினால்.

விசிறி எத்துணை வேகமாகச் சுழன்றாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதனையும் குளிரச்செய்யாது. கடும் வேலையின்போது செயலி அறையைவிட 60 பாகை கூடுதலாகச் சூடேறுகின்றது என்று கொள்வோம். கனடாவில் 20 பாகை அறையிலே அது 80 பாகை, கவலையில்லை. பங்குனி நண்பகலில் ஓட்டுவீட்டு அறை 33 பாகையாயின் 93. அப்பெட்டியை அலுமாரித் தட்டிலே வைத்து, உள்ளே 40 பாகையாயின் 100. அதே பெட்டி, அதே வேலை, ஊர் மட்டுமே வேறு. குளிர்நாட்டிலே குறையின்றி ஓடியது இங்கே ஏன் நிற்கின்றது என்று மருமகன் தொலைபேசியில் வியந்தார். வியப்பதற்கு ஒன்றுமில்லை, இது கூட்டற் கணக்கு.

எம் பெட்டியும் அலுமாரித் தட்டிலேதான் இருந்தது. தூசி படியாதிருக்கட்டும் என்று வீட்டிலுள்ளோர் பூவேலை செய்த துணியொன்றை அதன்மேல் விரித்தும் இருந்தனர். அன்பினாற் போர்த்திய துணிதான். ஆயினும் அது மூக்கைப் பொத்தியது. 30 காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வெளியே வீச, உள்ளே காற்றில்லை என்று முன்னர்ச் சொன்னது இதனையே.

சிறு பெட்டிக்குள் பேராற்றலை அடைக்க முயன்று இடர்ப்பட்டோர் உலகப் பெரு நிறுவனத்தாருள்ளும் உளர். அப்பிள் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘அப்பிள் 3’ கணினிக்கு விசிறியே வைக்கவில்லை; சில்லுகள் தம் குழிகளிலிருந்து கழன்றன; பெட்டியைச் சில அங்குலம் உயர்த்திக் கீழே விடுமாறு பயன்படுத்துவோருக்குச் சொல்லப்பட்டது. அதே நிறுவனம் 2013இல் உருளை வடிவில் ஆக்கிய ‘மக் புரோ’ கணினியைப் பற்றி, வெப்பத்தைப் பொறுத்தவரை தாமே ஒரு மூலைக்குள் அகப்பட்டுக்கொண்டதாக 2017இல் அதன் அலுவலர் வெளிப்படையாகக் கூறினர். மைக்கிரோசொப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ விளையாட்டுப் பெட்டிகளிற் பல செவ்வொளி காட்டிச் செயலிழந்தன. 2007இல் அந்நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. குருவி தலையிலே பனங்காயை வைத்தால் குருவியின்மேற் குற்றமில்லை.

இனி யாம் செய்ததைச் சொல்வோம். ஒரு மாற்றம் செய்தபின் அளந்து பார்த்து, அதன்பின்னரே அடுத்த மாற்றம் செய்வது என்று மாணவரோடு முதலிலே தீர்மானித்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒருமிக்கச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியவராது.

முதலாவது, துணியை நீக்கிப் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கினோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்தோம். செலவு ஒரு சதமும் இல்லை. வெப்பமோ 6 பாகை இறங்கியது.

இரண்டாவது, துப்புரவு. மின்னிணைப்பைக் கழற்றி, எஞ்சிய மின்னை நீக்குதற்கு ஆளியை ஒருமுறை அமுக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னையும் போக்கியபின்னரே உள்ளே கைவைத்தோம். விசிறியின் இதழ்களிலே உப்பும் மணலும் தூசியும் சேர்ந்து களிபோல ஒட்டியிருந்தன. கடற்கரைத் தூசி மற்றைத் தூசி போன்றதன்று. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருந்து உலோகத்தை அரிக்கும். மென்றூரிகையாற் கிளறி, வெளியிலே கொண்டுபோய்க் காற்றூதியால் ஊதினோம். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். தறிகெட்டுச் சுழன்றால் அதன் தாங்கிகள் கெடும்.

மூன்றாவது, பசை. செயலிக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகட்டடுக்குக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் என்னும் பசை உண்டு. இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும் இடையே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றிலே காற்று நின்றால் வெப்பம் கடக்காது. அப்பள்ளங்களை நிரப்புவதே பசையின் தொழில். எம் பெட்டியின் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதனை மதுசாரம் தோய்த்த துணியாற் துடைத்து, கடலைப்பருப்பு அளவு புதுப்பசை இட்டோம். அதிகம் இட்டாற் பயன் அதிகம் என்று ஒரு மாணவன் எண்ணினான். பசையே தடித்த சுவராகிவிடும் என்று மற்றொருவனே அவனுக்கு விளக்கினான், யாம் வாய்திறக்கவேண்டியிருக்கவில்லை.

நான்காவது, விசிறி. உள்ளே இருந்தது காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்றே. பக்கவாட்டிலே 120 மில்லிமீற்றர் அகலமான விசிறியொன்றைக் காற்றை உள்ளிழுக்கப் பூட்டினோம். ஒரே அளவு காற்றைத் தருதற்குப் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாற் போதும், இரைச்சலும் குறையும். வெளியேறும் காற்றைவிட உட்புகும் காற்று சிறிது மிகுதியாக இருக்குமாறு வைத்தால், தூசி கண்ட கண்ட இடுக்குகளால் நுழையாது. வாயில் ஒன்றாலேயே வரும். அவ்வாயிலிலே பழைய நுளம்புவலைத் துண்டை இரண்டாக மடித்துக் கட்டினோம். இரு வாரத்துக்கு ஒருமுறை அதனைக் கழுவிக் காயவைத்துப் பூட்டுவது மாணவரின் முறை.

ஐந்தாவது, நினைவகம். இதிலே கவனிக்கவேண்டியவை பல. எம் பெட்டியின் தாய்ப்பலகை நீளமும் அகலமும் 170 மில்லிமீற்றர் கொண்ட சிறு சதுரம். அதில் றாம் செருகுதற்கு இரண்டே இடங்கள். ஒன்றில் 8 கிகாபைற்று, மற்றொன்று வெற்றிடம். மடிக்கணினியின் றாம் நீளம் குறைந்தது. அது இதற்குப் பொருந்தாது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இரு தலைமுறை றாமுக்கும் ஊசிமுனைகள் 288 என்பது உண்மையே. ஆயினும் வெட்டுவாய் வேறிடத்தில் உள்ளது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஏற்கெனவே இருப்பதற்கு இணையான ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் சோடியாக இழுக்கும். தனித்த ஒன்றைவிட வேகம் மிகும். ஒன்று மெதுவானதாயின் மற்றதும் அதன் வேகத்துக்கே இறங்கிவரும். இன்னும் ஒன்று: வெப்பந் தணிக்கவென உயரமான உலோகச் சிறகுகள் பொருத்திய றாம்கள் கடையிலே அழகாக இருக்கும். சிறு பெட்டியிலோ அச்சிறகுகள் செயலியின் குளிர்ப்பானை முட்டும்; காற்றின் வழியையும் மறிக்கும். குளிர்மைக்கென வைத்ததே குளிர்மையைக் கெடுக்கும். ஆதலின் சிறகில்லாத கட்டையான றாமே எமக்கு வேண்டியிருந்தது.

விலையோ கசந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென உலகெங்கும் எழும் பெருங் கணினிக்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025ஆம் ஆண்டின் இறுதியில் றாம் விலை வேகமாக ஏறியது. மைக்கிரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு றாம் விற்றுவந்த ‘குரூசல்’ வணிகத்தையே விட்டு விலகுவதாக அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. அமெரிக்காவிலே கூடம் எழ, ஓலைத்தொடுவாயிலே படம் நின்றது. அப்போதுதான் எம்மோடு கல்லூரியில் ஒரே வாங்கிலே இருந்து படித்த நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் கொழும்பிலே கணக்காளர். செய்தியைச் சொன்னோம். “வீட்டில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது, அதற்குள் இருப்பது உமக்குச் சரிவருமா பாரும்” என்றார். சரிவந்தது. மறுநாள் இரவுப் பஸ்ஸிலே ஒரு கடித உறை வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சாணுக்கும் குறைந்த றாம் துண்டு. அதன் முனைகளைப் பென்சில் எழுத்தை அழிக்கும் றப்பரால் மெல்லத் துடைத்து, இரு முனையும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும்வரை அமுக்கிச் செருகினோம். 16 கிகாபைற்று என்று திரை காட்டியது. இரவு முழுதும் நினைவகச் சோதனை ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை.

இறுதியாக ஒரு கட்டுப்பாடு. றாமை விதித்த வேகத்துக்கு மேலே ஓட்டும் வசதியொன்று உண்டு. அதற்கு அழுத்தத்தை 1.2 வோல்ற்றிலிருந்து 1.35 வோல்ற்றுக்கு உயர்த்தவேண்டும், வெப்பமும் கூடும். குளிர்நாட்டார் அதனைச் செய்யலாம். யாம் தொடவில்லை. விளையாடுவோருக்கும், திரை ஒரு செக்கனுக்கு 60 படங்களுக்கு மேற் காட்டவேண்டாம் என்று வரம்பு கட்டினோம். கண்ணுக்கு வேறுபாடு பெரிதில்லை. வெப்பத்துக்கு வேறுபாடு பெரிது.

இத்தனைக்கும் பின்னர், நண்பகலிலே கடும் வேலையின்போது வெப்பம் 82 பாகையிலே நின்றது. நினைவகத்திலே 11 கிகாபைற்று நிரம்பியது. மிகுதி வெறுமையாக இருந்தது. மாணவியின் படம் ஓர் இரவிலே, இடையிலே ஒருமுறையேனும் நில்லாமல், முழுமை பெற்றது. அதனை முதியவரின் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. “பிள்ளை, சோளகத்தை ஏன் இவ்வளவு கெதியாச் சொல்லிப் போறாய்? அது ஆறுதலாக வாற காற்று” என்றார். “மாத்திறன் அப்பு” என்று சொல்லி, அன்று மாலையே அப்பகுதியைத் திருத்தினாள். திருத்திய படத்தையும் அவர் பார்த்தார். இரு கிழமைகளின் பின் அவர் காலமானார். அவர் சொற்கள் இப்போது மூன்று இடங்களிலே படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

பழைய மாணவர்காள், இதிலே உங்களுக்கு யாம் சொல்ல விரும்புவது இதுவே. உலகின் பல பாகங்களிலும் இருந்து நீங்கள் கல்லூரிகளுக்குக் கணினிகள் வழங்குகின்றீர்கள். நாடா வெட்டப்படுகின்றது, படம் எடுக்கப்படுகின்றது. ஐந்தாண்டின் பின் அவ்வறைகளிற் சிலவற்றைப் போய்ப் பார்த்தோம். துணி போர்த்திய பெட்டிகள் வரிசையாக உறங்குகின்றன. அவை செத்தனவல்ல, தூசியாலும் வெப்பத்தாலும் நினைவுக் குறைவாலும் மயங்கிக் கிடப்பன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தமையால் அவற்றுட் பலவற்றைக் கழித்துவிடுவோம் என்று சிலர் எண்ணக்கூடும். நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளமொன்றை ஏற்றினால் அவை இன்னும் பல்லாண்டு பயன்படும்.

ஆகவே எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, கணினி வழங்கும்போது அதன் விலையில் ஒரு பங்கைப் பேணலுக்கென ஒதுக்கி வையுங்கள். விசிறியும் பசையும் றாமும் அதிலிருந்து வரட்டும். இரண்டாவது, திறந்து றாம் கூட்டக்கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். 2018இல் இன்ரெல் வெளியிட்ட ‘ஹேட்ஸ் கன்யன்’ என்னும் சிறு விளையாட்டுக் கணினியிற்கூட றாமை மாற்ற இடம் இருந்தது. திருத்தத்தக்க கணினிகளுக்குப் பெயர்போன பிரேம்வேர்க் நிறுவனமோ, 2025இல் அறிமுகஞ்செய்த தன் சிறு மேசைக் கணினியிலே வேகத்தின்பொருட்டு நினைவகத்தைப் பலகையோடு ஒட்டியே விட்டது. அத்தகையதை வாங்குவோர் முதல்நாளிலேயே போதிய நினைவகத்தோடு வாங்கவேண்டும். பின்னர்க் கூட்ட வழியில்லை. மூன்றாவது, ஒவ்வோராண்டும் இரண்டு மாணவருக்காவது பெட்டியைத் திறந்து துடைத்துப் பூட்டக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். கணினி அறைக்கு அவர்களே கண்ணும் கையும் ஆவர்.

பெருங்கொடைக்கு வசதியில்லையே என்று வருந்துவோரும் வருந்தவேண்டியதில்லை. உங்கள் வீட்டு மூலையிலே உறங்கும் பழைய பெட்டிக்குள் ஒரு பிள்ளைக்கு வேண்டிய நினைவு இருக்கக்கூடும். அது ஒரு கடித உறைக்குள் அடங்கும். ஓர் இரவுப் பஸ்ஸிலே வந்து சேரும். அனுப்பும் உறையின் மேலே, எந்த வகை, எத்தனை கிகாபைற்று என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள். மிகுதியை மாணவர் பார்த்துக்கொள்வர்.